"சத்தம் எதுவும் இல்லை மேடம்"

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதே காலுக்குத் தொலைபேசி அடிக்கிறது. சட்னிக்குத் தாளித்துக்கொண்டிருக்கிறேன். "மேடம், உங்கள் வண்டியை சர்வீஸ் செய்தது திருப்தியாக இருந்ததா? பத்துக்கு எத்தனை மதிப்பெண் தருவீர்கள்? பத்தே கொடுத்துவிட்டால் நன்றாக இருக்கும்" என்கிறது ஒரு பெண் குரல். கடுகு கருகிப் போனது. அந்தப் பெண்ணிடம் நான் கத்தவில்லை. கையில் கொடுத்த தாளை அவர் படிக்கிறார், பாவம். ஆனால் ஐந்து வாரமாக நெஞ்சுக்குள் அடைத்துக் கிடப்பதை இனிமேலும் அடக்க என்னால் முடியாது.

டொக். இதுதான் சத்தம். முன்பக்கம், இடதுபுறம், காலடிக்குச் சற்று முன்னால். வண்டி 20 கிலோமீட்டர் வேகத்துக்குக் கீழே போகும்போது, ஒரு பக்கச் சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கினால் வரும். இரண்டு சக்கரமும் ஒன்றாக வேகத்தடையில் ஏறி இறங்கினால் வராது. பிரேக் மிதித்தாலும் வரும், மிதிக்காவிட்டாலும் வரும். நியூட்ரலில் உருண்டாலும் வரும். இவ்வளவையும் நான் ஒரு தாளில் தெளிவாக எழுதி சர்வீஸ் சென்டருக்கு எடுத்துக்கொண்டு போனேன். வரவேற்பில் இருந்தவர் அதை வாங்கினார். பின்பக்கம் திருப்பி, கொட்டை எழுத்தில் என் வண்டி எண்ணை எழுதினார். எண் மேலே தெரியும்படி வைப்பருக்கு அடியில் செருகினார். நான் எழுதியதில் ஒரு வரியைக்கூட அவர் படிக்கவில்லை. என் கண் முன்னால்தான் இது நடந்தது.

முதல் முறை போனபோது டிக்கியைத் திறந்து ஜாக்கியையும் ஸ்பேனர் பையையும் துணியில் சுற்றி வைத்து அனுப்பினார்கள். "அதுதான் மேடம் ஆடியிருக்கிறது." முன்னால் கேட்கிற சத்தத்துக்குப் பின்னால் துணி சுற்றுகிறீர்களே, எந்தப் பக்கம் சத்தம் என்று ஒரு வார்த்தை கேட்டீர்களா? இரண்டாவது முறை முன்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டும் போய்விட்டன என்றார்கள். 11,400 ரூபாய். கட்டினேன். பழையதைக் கொடுங்கள் என்று கேட்டேன். "ஸ்கிராப்புக்குப் போய்விட்டது மேடம்." என் காசில் வாங்கிய என் பொருள், என்னைக் கேட்காமல் எப்படிப் போகும்? வண்டியை எடுத்துக்கொண்டு பழங்காநத்தம் தாண்டவில்லை, முதல் பள்ளத்திலேயே டொக்.

மூன்றாவது முறை நடந்ததைத்தான் என்னால் மறக்கவே முடியவில்லை.

"நான் கூட வருகிறேன், பள்ளத்தில் இறக்கிக் காட்டுகிறேன்" என்றேன். ஓர் இளைஞரை அனுப்பினார்கள். அவர் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் ஏசியை நான்காம் எண்ணில் வைத்தார். ரேடியோ தானாகப் பாட ஆரம்பித்தது, அதை அணைக்கவும் இல்லை. சத்தம் கேட்கப் போகிற மனிதர்! நான் கையை நீட்டி இரண்டையும் அணைத்தேன். ஜன்னலை இறக்கினேன். அவர் மறுபடியும் ஏற்றினார், தூசி வருகிறதாம். பிறகு வண்டியை நேராக நான்கு வழிச் சாலைக்கு விட்டார். தண்ணீர் ஊற்றினால் வழுக்கி ஓடும் தார், 80 கிலோமீட்டர் வேகம். "பாருங்கள் மேடம், எவ்வளவு அமைதியாகப் போகிறது." தம்பி, 20க்குக் கீழே பள்ளத்தில் வரும் என்று நான்கு முறை சொல்லிவிட்டேன் என்றேன். திரும்பும் வழியில் ஒரு வேகத்தடை வந்தது. வண்டியை நிறுத்துகிற அளவுக்கு மெதுவாக்கி, இரண்டு சக்கரத்தையும் ஒரே நேரத்தில் ஏற்றி இறக்கினார். சத்தம் வரவில்லை. வராது என்றுதானே எழுதியே கொடுத்திருக்கிறேன்! இடது சக்கரத்தை மட்டும் ஓரத்துப் பள்ளத்தில் விடுங்கள் என்றேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "வீட்டில் சார் வரவில்லையா மேடம்? சாரை ஒரு முறை வந்து ஓட்டிக் காட்டச் சொல்லுங்களேன்."

பன்னிரண்டு வருடமாக நான் கார் ஓட்டுகிறேன். வாரத்தில் ஆறு நாள் மதுரையிலிருந்து திருமங்கலத்துக்குப் போய் வருகிறேன். பசுமலையில் எந்த இடத்தில் தார் பெயர்ந்திருக்கிறது, திருநகரில் எந்த மூடி சாலைக்கு மேலே துருத்திக்கொண்டிருக்கிறது என்பது எனக்கு மனப்பாடம். வீட்டில் இருக்கிற சாருக்குக் கார் ஓட்டவே தெரியாது. அவரை அழைத்து வந்தால்தான் என் காது கேட்டது உண்மையாகுமா?

வந்து சேர்ந்ததும் வண்டியை லிஃப்டில் தூக்கினார்கள். நான்கு சக்கரமும் அந்தரத்தில் தொங்கின. ஒருவர் இடது சக்கரத்தைப் பிடித்து இரண்டு ஆட்டு ஆட்டினார். "எல்லாம் டைட்." ஜாப் கார்டில் எழுதினார்கள்: சோதிக்கப்பட்டது, சத்தம் இல்லை, வாடிக்கையாளரிடம் விளக்கப்பட்டது. யார் விளக்கினார்கள்? எதை விளக்கினார்கள்?

இப்போது உண்மையைக் கேளுங்கள். எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு மெக்கானிக் அண்ணன் இருக்கிறார். தகரக் கொட்டகை, தரையில் சிமெண்டுக் குழி. அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "ஒரு சக்கரம் இறங்கினால் மட்டுமா, இரண்டும் இறங்கினாலுமா?" அந்த ஒரு கேள்விக்கே எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒன்று இறங்கினால் மட்டும்தான் அண்ணே என்றேன். லிங்க்தான் என்றார். முன் சக்கரங்கள் இரண்டையும் இணைத்து ஒரு வளைந்த இரும்புத் தண்டு போகிறது. அதன் இரண்டு முனையையும் சஸ்பென்ஷனோடு பிடித்து வைப்பவை ஒரு சாண் நீளமுள்ள இரண்டு லிங்க் ராடுகள். இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறினால் தண்டு முறுக்கிக்கொள்ளாது. ஒன்று ஏறி ஒன்று இறங்கினால்தான் முறுக்கும். அப்போதுதான் தேய்ந்துபோன லிங்க் குண்டு தன் கூட்டுக்குள் குதித்து டொக் என்னும். வண்டியை லிஃப்டில் தூக்கினால் இரண்டு சக்கரமும் ஒரே மட்டத்தில் தொங்கும், தண்டில் முறுக்கு இருக்காது, லிங்கில் இருக்கிற ஆட்டம் கைக்குப் பிடிபடுவது கஷ்டம். சக்கரம் தரையில் நின்று, வண்டியின் பாரம் அதன் மேல் இருக்கும்போதுதான் பார்க்க வேண்டும்.

அப்படித்தான் பார்த்தார். வண்டியைக் குழிக்கு மேல் நிறுத்தினார். ஒரு பையனை பானட் ஓரத்தைப் பிடித்து அமுக்கி அமுக்கி விடச் சொன்னார். என்னையும் குழிக்குள் இறங்கச் சொன்னார், இறங்கினேன். கையைக் கொடுங்கள் அம்மா என்று வாங்கி என் இரண்டு விரலை லிங்கின் மேல்முனையில் வைத்தார். பையன் அமுக்க அமுக்க, விரல் நுனியில் டக், டக் என்று ஒரு துடிப்பு. ஐந்து வாரம் நான் மட்டும் கேட்ட சத்தம் என் விரலுக்கு அகப்பட்டது. ரப்பர் உறை கிழிந்து, உள்ளே கிரீஸ் காய்ந்து, மணல் ஏறியிருந்தது. லிங்க் இரண்டும் சேர்த்து 1,700 ரூபாய், கூலி 400. நாற்பது நிமிடத்தில் முடிந்தது. கழற்றிய பழைய லிங்கைக் கேட்காமலே செய்தித்தாளில் சுற்றிக் கையில் கொடுத்தார்.

2,100 ரூபாயில் தீர்ந்த வேலைக்கு 11,400 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள். பணத்தைவிட எனக்கு வலிப்பது வேறு. கேட்கத் தெரியாதவர்களையா சத்தம் பார்க்க உட்கார வைப்பது? எப்போது வருகிறது, எந்த வேகத்தில், எந்தப் பக்கம் திரும்பினால், பிரேக் மிதித்தால் என்ன ஆகிறது, நான்கே கேள்விதான். வேகம் கூடக்கூட உய்ங் என்று ஏறி, வலது வளைவில் இன்னும் பெரிதானால் இடது சக்கரத்து பேரிங்கைப் பார்க்க வேண்டும். ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்துத் திருப்பும்போது டக டக டக என்றால் ஆக்சில் ஜாயிண்ட். காலையில் முதல் முறை ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் கீச்சிட்டு அடங்கினால் பெரும்பாலும் பெல்ட். பிரேக் பேடுகள் பலவற்றில், தேய்ந்ததும் டிஸ்கில் உரசிக் கத்த வேண்டும் என்றே ஒரு சிறு தகட்டை வைத்துத்தான் செய்கிறார்கள். சத்தம் போட்டு நம்மை எச்சரிக்கிற ஏற்பாடு அது. அதைக் காதில் வாங்காமல் ஏசியைக் கூட்டுகிறவருக்கு அந்த வேலை எதற்கு?

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் சேவைக் குறைபாடு என்று ஒன்று இருக்கிறது. நாளை காலை 1915 என்ற உதவி எண்ணுக்குப் பேசப் போகிறேன். அந்த மூன்று ஜாப் கார்டும் என் அலமாரியில் இருக்கின்றன. பழைய லிங்கும் இருக்கிறது, அதே செய்தித்தாளோடு.

லிங்க் ஏன் இவ்வளவு சீக்கிரம் போனது என்று அந்த அண்ணனிடம் கேட்டேன். "உங்கள் தெரு வேகத்தடையில் எப்படி ஏறுகிறீர்கள்?" என்றார். குறுக்காகத்தான் ஏறுகிறேன், ஒவ்வொரு சக்கரமாக. நேராக ஏறினால் வண்டியின் அடிவயிறு தட்டுகிறதே! உயரம் 10 சென்டிமீட்டர், அகலம் 3.7 மீட்டர், மேடு தெரியாமல் வட்டமாக ஏறி இறங்க வேண்டும் என்று, சாலை அமைப்புக்கு நெறிமுறை வகுக்கிற இந்திய சாலைக் காங்கிரஸ் 1988லேயே எழுதி வைத்துவிட்டது. எங்கள் தெருவில் இருப்பது என் கையால் ஒரு சாண் அகலம், முழங்கால் தட்டுகிற உயரம். கோடு கிடையாது, எச்சரிக்கைப் பலகை கிடையாது. ஒரு நாளைக்கு நான்கு முறை குறுக்காக ஏறி இறங்கி என் லிங்க் போனது. அதைக் கட்டியது யார் என்று தெருவில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. நேற்று இரவோடு இரவாகப் பிள்ளையார் கோவில் முனையில் இன்னொன்று போட்டிருக்கிறார்கள். சிமெண்டு இன்னும் காயவில்லை.