35 மீட்டர் மேட்டை வெட்டியது யார்?

ஜப்பானின் ஃபுகுஷிமா அணுமின் நிலைய விபத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலே "சுனாமிக்கு யார் என்ன செய்ய முடியும்?" என்று கையை விரிப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

2011 மார்ச் 11, மதியம் 2.46. நிலம் குலுங்கியதும் ஓடிக்கொண்டிருந்த மூன்று உலைகளும் தானாக நின்றன. வெளியிலிருந்து வரும் மின்சாரம் போனது, டீசல் ஜெனரேட்டர்கள் கிளம்பின. இதுவரை எல்லாம் ஒழுங்குதான். ஆனால் அணு உலை விறகடுப்பு மாதிரி. விறகை இழுத்துவிட்டாலும் தணல் கனன்றுகொண்டே இருக்கும். தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், அதற்கு மோட்டார் ஓட வேண்டும். ஐம்பது நிமிடத்தில் சுமார் 14 மீட்டர் அலை வந்தது. ஜெனரேட்டர்களில் பெரும்பாலானவை எங்கே இருந்தன தெரியுமா? கடலோரக் கட்டடங்களின் அடித்தளத்தில். வெள்ளத்தில் அவை செயலிழந்தன. மூன்று உலைகளும் உருகின.

அந்த இடம் முதலில் 35 மீட்டர் உயர மேடு. கடல்நீரை மேலே ஏற்றும் செலவை மிச்சம் பிடிக்க, உலைகள் நிற்கும் தரையை 10 மீட்டருக்கு வெட்டி இறக்கினார்கள். 2008-இல் அந்த நிலையத்தை நடத்திய டெப்கோ நிறுவனத்துக்குள்ளேயே ஒரு கணக்குப் போட்டார்கள்: அலை 15.7 மீட்டர் வரை வரலாம். சுவர் எழுப்பினார்களா? விஷயத்தை இன்னொரு ஆய்வுக்குத் தள்ளிவிட்டார்கள். (இந்தப் பழக்கம் நமக்கும் புதிதல்ல.) ஜப்பான் நாடாளுமன்றம் அமைத்த குழு 2012-இல் இதை மனிதர்களால் நேர்ந்த விபத்து என்றே எழுதியது.

இயற்கைமேல் பழி போடுகிறவர்கள் ஒனகாவாவுக்கு என்ன பதில் சொல்வார்கள்? நிலநடுக்க மையத்துக்கு இன்னும் பக்கத்தில் இருந்த அணுமின் நிலையம் அது. அலையும் ஏறக்குறைய 13 மீட்டர். ஆனால் யானோசுகே ஹிராய் என்ற பொறியாளர் செலவைப் பார்க்காமல் அடம்பிடித்ததால், அதை 14.8 மீட்டர் உயரத்தில் கட்டியிருந்தார்கள். அங்கேயும் சேதம் இல்லாமல் இல்லை. ஒரு கட்டடத்தில் தீப்பிடித்தது. ஆனாலும் உலைகள் பத்திரமாகக் குளிர்ந்தன. வீடிழந்த ஊர்மக்கள் வந்து தங்கியதே அந்த நிலையத்துக்குள்தான்! ஃபுகுஷிமாவில் ஒன்றரை லட்சம் பேர் ஊரைவிட்டு ஓடிக்கொண்டிருந்தபோது.

2004-இல் கல்பாக்கத்திலும் பம்ப் ஹவுசுக்குள் கடல் புகுந்தது, உலையைப் பத்திரமாக நிறுத்தினார்கள். அதைச் சொன்னால் என்னை ஆதரவாளன் என்பார்கள், ஃபுகுஷிமாவைச் சொன்னால் எதிர்ப்பாளன் என்பார்கள். எப்படியாவது சொல்லிக்கொள்ளுங்கள். கடலோரத்தில் எந்த உலையைப் பற்றிப் பேசினாலும் நான் முதலில் கேட்பது, ஜெனரேட்டர் எந்த மாடியில் என்றுதான்.