சீனி போடாத சாத்துக்குடி ஜூஸ்

அப்பாவுக்குச் சர்க்கரை வந்து ஆறு வருடமாகிறது. காபிக்குச் சீனி இல்லை, பாயசம் பக்கமே போவதில்லை. ஆனால் சாயந்திரம் நடந்துவிட்டு வரும்போது முக்குக் கடையில் ஒரு சாத்துக்குடி ஜூஸ் கட்டாயம் உண்டு. "சீனி போடாம குடுப்பா" என்று சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு தியாகியின் களை தெரியும்.

போன வாரம் நானும் கூடப் போனேன். கடைக்காரர் நாலு பழத்தை எடுத்துப் பிழிந்தார், வடிகட்டினார், சக்கையைக் குப்பை வாளியில் தட்டினார். அப்பா நின்ற இடத்திலேயே ஒரே மூச்சில் குடித்து முடித்தார். இதே நாலு பழத்தை வீட்டில் உரித்துக் கொடுத்தால்? இரண்டாவதிலேயே "போதும்பா" என்று தட்டைத் தள்ளிவிடுவார்.

அந்தப் "போதும்பா"வைச் சொல்ல வைப்பதே வாளிக்குள் போன சக்கைதான். 1977இல் இங்கிலாந்தில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஆப்பிளைக் கடித்துத் தின்பதைவிட அதன் சாற்றை 11 மடங்கு வேகமாகக் குடித்துவிட முடிந்தது. வயிறு நிறைந்த உணர்வோ குறைவு. இன்சுலின் அதிகமாக ஏறியது, பிறகு ரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கியது. சோதனையில் கலந்துகொண்டவர்கள் நோயில்லாதவர்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சீனியே போடவில்லையே என்பார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் பழச்சாற்றில் இருக்கும் சர்க்கரையும், நாம் கரண்டியால் அள்ளிப் போடும் சீனியும் ஒரே வகை. முழுப் பழத்தில் இருப்பதை அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஒரு பெரிய டம்ளர் ஆரஞ்சுச் சாற்றில் 20 கிராம் அளவுக்குச் சர்க்கரை இருக்கும். டீக்கு வேண்டாம் என்று விட்ட சீனியெல்லாம் வேறு வழியாக உள்ளே வந்துவிடுகிறது.

எங்கள் டாக்டர் முன்பே ஒரு விஷயம் சொல்லியிருந்தார். சர்க்கரை திடீரென்று இறங்கி, கை நடுங்கி வியர்த்தால், அரை டம்ளர் பழச்சாறு கொடுங்கள், சீக்கிரம் ஏறிவிடும். ஆபத்துக்குக் கொடுக்கும் மருந்தை அப்பா தினமும் சாயந்திரம் காசு கொடுத்துக் குடித்துக்கொண்டிருக்கிறார்! இதைச் சொன்னபோதுதான் கொஞ்சம் யோசித்தார்.

ஜூஸே விஷம் என்று நான் சொல்லவில்லை. வாய்ப்புண்ணோடு படுத்திருப்பவருக்குச் சாறுதான் இறங்கும். வெயிலில் அலைந்துவிட்டு வருகிற வாலிபப் பிள்ளைகள் என்றைக்காவது ஒன்று குடித்தால் குடி முழுகிவிடாது. அட்டைப் பெட்டி ஜூஸ் வேறு கதை. '100 சதவீதப் பழச்சாறு' என்று போடாதீர்கள் என 2024இல் நம் உணவுப் பாதுகாப்பு ஆணையமே உத்தரவு போட வேண்டியிருந்தது.

இப்போது நடைக்குக் கிளம்பும்போது ஒரு கொய்யாவைக் கையில் கொடுக்கிறேன். பல் செட் வைத்தவரிடம் கொய்யாவா என்று அம்மா என்னைத்தான் திட்டுகிறாள். அதுவும் நியாயம்தான். மெல்லிசாக நறுக்கி டப்பாவில் போட்டுக் கொடுத்துப் பார்க்கிறேன். முந்தாநாள் டப்பா காலியாகத்தான் திரும்பி வந்தது. பாதியை நாய்க்குப் போட்டாரா என்று இன்னும் கேட்கவில்லை.