பூச்சாடியும் ஊறுகாய் ஜாடியும்

போன மாதம் புதுச்சேரிப் பக்கம் ஒரு மண்பாண்டக் கலைஞரின் பட்டறையில் பூச்சாடி ஒன்று வாங்கினேன். 2,800 ரூபாய். மயிலாடுதுறை வரும்வரை பஸ்ஸில் மடியை விட்டு இறக்கவில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் அத்தை கேட்டார்: "இந்தக் காசுக்கு வேளார் வீட்டுல ஒரு வண்டி பானை வாங்கலாமேடா?"

வாங்கலாம்தான். ஆனால் இரண்டையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது என்பது என் கட்சி. வைக்கோலும் வறட்டியும் மூட்டிச் சுடுகிற நம் ஊர்ப் பானை ஆயிரம் டிகிரியைத் தொடுவதே அபூர்வம். அதனால்தான் மண்ணில் நுண்துளை மிஞ்சி, பானை வியர்த்து, தண்ணீர் சில்லென்று இருக்கிறது. என் பூச்சாடி ஸ்டோன்வேர், அதாவது கல்போல் இறுகச் சுட்ட மண்பாண்டம். அதை 1,200 டிகிரிக்கு மேல் ஏற்றுவார்கள், 1,300 வரைகூட. மண் கல்லாக இறுகிவிடும்; தட்டினால் டங்கென்று வெண்கலச் சத்தம். பானை கசிந்தால்தான் பானை. பூச்சாடி கசிந்தால் மேஜை பாழ்.

1971-இல் ரே மீக்கர், டெபோரா ஸ்மித் என்ற இரு மண்பாண்டக் கலைஞர்கள் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்ற பட்டறையைத் தொடங்கினார்கள். இந்தப் பக்கம் இன்று இத்தனை ஸ்டோன்வேர் பட்டறைகள் இருப்பதில் அவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

அத்தையிடம் இதெல்லாம் எடுபடாது. அடுக்களையிலிருந்து ஊறுகாய் ஜாடியை எடுத்து வந்து பக்கத்தில் வைத்தேன். பீங்கான் என்று சொல்கிறோமே தவிர, அதுவும் ஸ்டோன்வேர்தான். வருஷக்கணக்காக உப்பும் புளிப்பும் ஊறியும் அது அசையாததற்குக் காரணம் அந்தச் சூடு. இரண்டையும் கவிழ்த்துக் காட்டினேன். இரண்டிலும் அடியில் கிளேஸ் என்கிற கண்ணாடிப் பூச்சு இல்லை, சொரசொரவென்று வெறும் மண். உருகி வழிந்தால் சூளைத் தட்டோடு ஒட்டிக்கொள்ளும் என்று துடைத்துவிடுவார்கள். என் பூச்சாடியில் ஒரு துளி வழிந்து வந்து, அடி விளிம்புக்கு ஒரு நூல் மேலே நின்றுபோயிருக்கிறது. அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தத் துளியை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். அப்புறம் விலையைப் பற்றிப் பேசவில்லை.

ஒரு குறை உண்டு. பூச்சாடியில் 'மண்வாசனை' என்று எழுதி ஒரு அட்டையைக் கட்டியிருந்தார்கள். 1,200 டிகிரியைத் தாண்டி வந்த பொருளில் ஏது வாசனை?

பூவைத் தொடுத்துச் சாமிக்கும் தலைக்கும் வைக்கிற ஊரில் நீளக் காம்புப் பூவுக்கு எங்கே போவது? ஆற்றங்கரை நாணலைத்தான் வெட்டி வைத்திருக்கிறேன்.

காவிரி வண்டலிலேயே இந்த மாதிரிச் சாடி செய்ய முடியாதா என்று நண்பர் ஒருவர் கேட்டார். இரும்புச் சத்துள்ள ஆற்று மண் அந்தச் சூட்டில் உப்பித் தொய்ந்துவிடும். ஆனால் அதையே கரைத்து மேலே பூசினால் உருகிப் பழுப்பு கிளேஸாக வாய்ப்புண்டு. ஆற்றில் தண்ணீர் வற்றியதும் ஒரு பை களிமண் அள்ளிக்கொண்டு அந்தப் பட்டறைக்குப் போகலாம் என்றிருக்கிறேன்.