நெட் வருதுண்ணா, அப்புறம் இன்னா?

இந்தக் கேள்வியைக் காதில் வாங்கினாலே இப்போது எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. வேலூரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் என்று போர்டு மாட்டிய கடைகளுக்குப் பஞ்சமே இல்லை. பாலத்தைத் தாண்டிக் காட்பாடி போனால் பார்க்கிற முகமெல்லாம் இன்ஜினியரிங் முகம். இவ்வளவு பேர் இருக்கிற ஊரில், ஒரு விர்ச்சுவல் மெஷினின், அதாவது கம்ப்யூட்டருக்குள் சாஃப்ட்வேராக ஓடுகிற இன்னொரு கம்ப்யூட்டரின், நெட்வொர்க் ஏன் படுத்துக்கொண்டது என்று பொறுமையாக உட்கார்ந்து பார்க்க ஒரு ஆளைப் பிடிப்பதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது.

லாங் பஜார் பக்கம் எங்களுக்கு மொத்த வியாபாரக் கடை. அப்பா காலத்து பில்லிங் சாஃப்ட்வேர், விண்டோஸ் 7-ல்தான் ஓடும். மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியோடு விண்டோஸ் 7-ஐக் கைகழுவிவிட்டது. அதனால் புது கம்ப்யூட்டரில் விர்ச்சுவல் மெஷின் (சுருக்கமாக வி.எம்.) ஓட்டுகிற விர்ச்சுவல்பாக்ஸ் சாஃப்ட்வேரைப் போட்டு, அதற்குள் அந்தப் பழைய விண்டோஸை வைத்து ஓட்டுகிறோம். கவுன்டரில் இருக்கிற கம்ப்யூட்டரும் குடோனில் இருக்கிறதும் இந்த வி.எம். உள்ளே இருக்கிற டேட்டாபேஸைத் தொட்டால்தான் பில் வரும். ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. கடையில் மேஜைகளை மாற்றிப் போட்ட அன்று, வயரிங் வேலைக்கு வந்தவர் வி.எம். ஓடுகிற மெயின் கம்ப்யூட்டரின் நெட்வொர்க் கேபிளைக் கழற்றிவிட்டு, "வைஃபைல போட்டுட்டேன், இனிமே வயரே வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். பில்லிங் அன்றே நின்றது.

முதலில் வந்த சர்வீஸ் ஆள் வி.எம்.-ஐத் திறந்தார். 169.254 என்று ஆரம்பிக்கிற ஐபி, அதாவது நெட்வொர்க்கில் ஒரு கம்ப்யூட்டருக்கான விலாச எண், காட்டியது. ரவுட்டரிடம் ஐபி கேட்டுப் பதில் வராததால் விண்டோஸ் தானாக ஒன்றை வைத்துக்கொண்டது என்பதுதான் அதற்கு அர்த்தம். அந்த ஒரு நம்பரே பாதிக் கதையைச் சொல்லிவிடும். அவர் அதைப் படிக்கவே இல்லை. செட்டிங்ஸில் போய், வி.எம்.-ஐக் கடை நெட்வொர்க்கில் தனிக் கம்ப்யூட்டர் மாதிரி நேராகச் சேர்க்கிற பிரிட்ஜ் மோடில் இருந்ததை நாட் (NAT) என்று மாற்றினார். உள்ளே பிரவுசரில் கூகுள் திறந்தது. "நெட் வருதுண்ணா, அப்புறம் இன்னா?" 500 ரூபாய் வாங்கிக்கொண்டு வண்டியைக் கிளப்பிவிட்டார்.

எனக்கு வேண்டியது நெட்டே இல்லை, ஐயா! கவுன்டர் கம்ப்யூட்டர் அந்த வி.எம்.-ஐப் பார்க்க வேண்டும். நாட் மோடில் வி.எம். மெயின் கம்ப்யூட்டரின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்ளும். உள்ளிருந்து வெளியே போகலாம். போர்ட் ஃபார்வர்டிங் போட்டு வழி திறந்து கொடுக்காத வரை வெளியிலிருந்து யாரும் உள்ளே வர முடியாது. அப்போது அதற்கு வந்த ஐபி 10.0.2.15. விர்ச்சுவல்பாக்ஸில் நாட் போட்டால் வழக்கமாக இதுதான் வரும், காட்பாடியில் போட்டாலும் சரி, கனடாவில் போட்டாலும் சரி. கவுன்டர் கம்ப்யூட்டரின் ஐபியோ 192.168.1-ல் ஆரம்பிக்கிறது. இரண்டு நம்பரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் போதும். பார்க்கவில்லையே!

அப்புறம் தொடங்கியது அலைச்சல். பிராட்பேண்ட் ஹெல்ப்லைனில் கேட்டால், ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொன்னார்கள். நெட் வருகிறதா என்று கேட்டார்கள், வருகிறது என்றேன், அப்போது எங்கள் பக்கம் பிரச்சினை இல்லை என்று வைத்துவிட்டார்கள். சாஃப்ட்வேர் கொடுத்தவர்களைக் கேட்டால், விர்ச்சுவல் மெஷினில் போட்டால் நாங்கள் பொறுப்பில்லை, புது வெர்ஷன் வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். இன்னொரு கடைக்காரர் வந்தார். டிவைஸ் மேனேஜரைத் திறந்து, விர்ச்சுவல்பாக்ஸ் ஹோஸ்ட்-ஒன்லி அடாப்டர் (ஹோஸ்ட் என்கிற மெயின் கம்ப்யூட்டரும் வி.எம்.-களும் மட்டும் தங்களுக்குள் பேசிக்கொள்வதற்கானது) என்று இருந்ததைக் காட்டி, "இது இன்னா தேவையில்லாம ஒண்ணு கீது, வைரஸா இருக்கும்" என்று என் கண் முன்னாலேயே அன்இன்ஸ்டால் அடித்தார். நான் கையை நீட்டுவதற்குள் போய்விட்டது. அதற்கும் சரியாகவில்லை என்றதும் அவர் சொன்ன தீர்வு, மொத்தமாக ஃபார்மேட்.

அப்பாவின் காலத்திலிருந்து சேர்ந்த கணக்கு உள்ளே இருக்கிறது. ஜிஎஸ்டி விற்பனைக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-1 போட 11-ம் தேதி கெடு தலைக்கு மேல் நிற்கிறது. கவுன்டரில் பையன் கையால் பில் எழுதிக்கொண்டிருக்கிறான், வாடிக்கையாளர்கள் வாசல் வரை நிற்கிறார்கள். இந்த நேரத்தில் ஃபார்மேட் என்கிற வார்த்தை எப்படி வாயில் வருகிறது? எங்கெங்கிருந்தோ ஜனங்கள் வைத்தியத்துக்கு ரயிலேறி வந்து இறங்குகிற ஊர் இது. இங்கே நாடி பிடித்துக்கூடப் பார்க்காமல் கத்தியை எடுக்கிற டாக்டரை யாராவது விட்டுவைப்பார்களா?

தெரியாததைக் குற்றம் சொல்லவில்லை. வி.எம். எல்லோரும் தினமும் பார்க்கிற சரக்கு இல்லை, எனக்கும் புரிகிறது. "எனக்கு இது தெரியாதுண்ணா, வேற ஆளைப் பாருங்க" என்று சொல்லியிருந்தால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பியிருப்பேன். தெரியாமல் கை வைத்து, இருக்கிறதையும் கெடுத்து, காசும் வாங்கிக்கொண்டு போகிறார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

அக்கா பெண் காட்பாடியில் கம்ப்யூட்டர் படிக்கிறாள். அவளுக்கும் இதே கதைதான். லேபுக்காக வைத்திருந்த இரண்டு வி.எம்.-உம் ஒன்றோடொன்று பேசவில்லை, இரண்டிலுமே 10.0.2.15. கேட்ட இடத்தில் எல்லாம் ரீஇன்ஸ்டால் பண்ணு என்றே சொன்னார்களாம். வி.எம்.-களை ஒரே நெட்வொர்க்கில் சேர்க்க நாட் நெட்வொர்க் என்று தனியாக ஒரு மோடு இருக்கிறது, அல்லது ஹோஸ்ட்-ஒன்லியில் போட்டால் 192.168.56-ல் இரண்டுக்கும் வேறு வேறு ஐபி வந்துவிடும். இதைச் சொல்ல ஒரு நிமிஷம் ஆகுமா?

கடைசியில் அவள் மூலமாகத்தான் ஒரு தம்பி கிடைத்தான். ஒரு கல்லூரி லேபில் உதவியாளர். போனிலேயே அவன் கேட்ட முதல் கேள்வி: "அண்ணா, நாட்டா, பிரிட்ஜா?" இரண்டாவது: "ஹோஸ்ட்ல என்ன ஐபி, வி.எம்.-ல என்ன ஐபி?" மூன்றாவது: "மெயின் கம்ப்யூட்டர் கேபிள்ல இருக்கா, வைஃபைலயா?" எனக்கு அழுகையே வந்துவிட்டது. இத்தனை பேரில் ஒருவர்கூட இந்த மூன்றையும் கேட்கவில்லை.

வைஃபையில் பிரிட்ஜ் ஏன் தகராறு பண்ணும் என்றும் அவனே விளக்கினான். தன்னிடம் பதிவான மேக் அட்ரஸிலிருந்து (ஒவ்வொரு நெட்வொர்க் கார்டுக்கும் உரிய அடையாள எண்) வருவதை மட்டும்தான் வைஃபை ஏற்றுக்கொள்ளும். வி.எம்.-க்கோ தனியாக ஒரு மேக். விர்ச்சுவல்பாக்ஸ் அதை மாற்றிப் போட்டுச் சமாளிக்கப் பார்க்கும், எல்லா ரவுட்டரிலும் அது எடுபடாது. சாயங்காலம் நேரில் வந்தான். கேபிளைத் திரும்ப மாட்டினான், மோடை பிரிட்ஜுக்கு மாற்றினான், அதன் கீழே வைஃபை கார்டின் பெயர் இருந்த இடத்தில் கேபிள் கார்டைத் தேர்ந்தெடுத்தான். வி.எம்.-க்கு 192.168.1-ல் ஐபி வந்தது. கவுன்டரிலிருந்து பிங் அடித்துப் பார்த்தான், பதில் வந்தது. அந்த ஐபி நாளைக்கு மாறிவிடக்கூடாது என்று ரவுட்டரில் வி.எம்.-இன் மேக்குக்கே அதை ஒதுக்கியும் வைத்தான். இன்ஸ்டாலும் இல்லை, ஃபார்மேட்டும் இல்லை. காசு கொடுத்தால் வாங்கவே கூச்சப்பட்டான், சட்டைப் பையில் திணித்து அனுப்பினேன்.

இவனை மாதிரி ஆட்கள் இந்த ஊரில் நிறையப் பேர் இருப்பார்கள், எனக்குச் சந்தேகமே இல்லை. லேபிலும் ஹாஸ்டலிலும் இருக்கிறார்கள், பஜாரில் இருக்கிறவனுக்கு அவர்களைத் தெரிவதில்லை. கல்லூரிகளே, வாரத்தில் ஒரு நாள் சாயங்காலம் உங்கள் லேப் பிள்ளைகளை ஊர்க் கடைகளுக்கு அனுப்புங்கள். காசு கொடுக்க நாங்கள் தயார். பிள்ளைகளுக்கும் புத்தகத்தில் இல்லாத பழுதெல்லாம் பார்க்கக் கிடைக்கும்.

சர்வீஸ் கடைக்காரர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். இனி எங்கள் கடைக்கு யார் வந்தாலும், இரண்டு ஐபியையும் ஒரு தாளில் எழுதி என்னிடம் காட்டிய பிறகுதான் மவுஸில் கை வைக்க விடுவேன்.