வாணலி வைத்தால் எங்கிருந்தும் சிக்னல் கிடைக்குமா?

"வைஃபை டாங்கிளுக்குப் (கணினியில் செருகும் சிறு வைஃபை கருவி) பின்னால் வாணலியை வைத்தால் எங்கிருந்தும் சிக்னல் இரண்டு மடங்காகும்" என்ற தகவல் ஏற்காடு வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. பாதிதான் உண்மை. வாணலி புதிதாக அலையை உண்டாக்காது. ஒரு திசையிலிருந்து வருவதைக் குவிக்கும், மற்ற திசைகளில் சிக்னல் குறையும். டாங்கிள் குவியத்தில், அதாவது அலைகள் வந்து குவியும் புள்ளியில், இருக்க வேண்டும். அது வாணலியின் அடியிலிருந்து எவ்வளவு தூரம் என்று அறிய, விட்டத்தின் வர்க்கத்தை ஆழத்தின் 16 மடங்கால் வகுங்கள். 40 செ.மீ. விட்டம், 10 செ.மீ. ஆழம் என்றால் அடியிலிருந்து ஏறக்குறைய 10 செ.மீ.; அங்கிருந்து கொஞ்சம் முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள். அப்புறம், குறுக்கே சேர்வராயன் மலை முகடு நின்றால் எந்த வாணலியும் உதவாது. காப்பித் தோட்டத்துச் சில்வர் ஓக் மரங்களும் அலையை விழுங்கும், மழையில் நனைந்த இலை என்றால் இன்னும் அதிகம். மொட்டை மாடியில் வைத்திருந்தால், இடிமேகம் கூடும் முன்பே தயவுசெய்து கழற்றிவிடுங்கள்.