டேங்க் லிட்டர் அழுத்தத்தைச் சொல்லாது

24 லிட்டர் டேங்க் உள்ள ஏர் கம்ப்ரசரில், காற்றால் ஆணி அடிக்கும் நெயில் கன்னுக்கு அழுத்தம் வராது, 50 லிட்டராவது வேண்டும் என்று மேலே ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கம் வீடு கட்டும் பலர் அதைப் பகிர்ந்தும் இருக்கிறார்கள்.

மன்னிக்கணும் அண்ணே, அது அப்படி இல்லை. அழுத்தம் பம்பையும், குறித்த அழுத்தம் வந்ததும் மோட்டாரை நிறுத்தும் பிரஷர் சுவிட்சையும் பொறுத்தது. 24 லிட்டர் மெஷின்களும் பெரும்பாலும் 8 பார் (பார் என்பது அழுத்த அளவு), அதாவது சுமார் 116 பி.எஸ்.ஐ. வரை ஏறித்தான் நிற்கும். மரப் பீடிங்கில் மெல்லிய ஆணி அடிக்கும் பிராட் கன்னுக்குப் பொதுவாக 5 முதல் 7 பார் போதும். டேங்க் வெறும் சேமிப்புதான், மாடித் தண்ணீர்த் தொட்டி மாதிரி. விடாமல் அடிக்க முடியுமா என்பது பம்ப் நிமிடத்துக்கு எவ்வளவு காற்று தருகிறது என்பதில் இருக்கிறது. பெரிய ஆணி அடிக்கும் ஃப்ரேமிங் கன்னுக்கு அந்த அளவைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

கடையிலேயே சோதித்துவிடலாம். காற்று வெளியேறும் வால்வை மூடி, மெஷினை ஓட விடுங்கள். மீட்டர் முள் 4 பாரிலிருந்து 6 பாருக்குப் போக எத்தனை விநாடி என்று போனில் பாருங்கள். 24 லிட்டர் டேங்கில் 2 பார் ஏறினால், வெளிக்காற்றின் கணக்கில் சுமார் 48 லிட்டர் காற்று (24 × 2) உள்ளே போயிருக்கிறது. அதற்கு 30 விநாடி ஆனால் நிமிடத்துக்கு 96 லிட்டர், ஏறக்குறைய 3.4 சி.எஃப்.எம். (நிமிடத்துக்குக் கன அடி). கன்னின் கையேட்டில் கேட்கும் அளவோடு இதை ஒப்பிடுங்கள். பெட்டியில் 'டிஸ்பிளேஸ்மென்ட்' (பம்பின் பிஸ்டன் அளவை வைத்துப் போட்ட கணக்கு) என்று அச்சிட்டிருக்கும் எண் வேறு. நிஜத்தில் வரும் காற்று அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். கடைக்காரர் பெரும்பாலும் அந்தப் பெட்டி எண்ணைத்தான் காட்டுவார்!