ரிமூவ் டூப்ளிகேட்ஸ் புதியதை வைக்காது

எக்செலில் உறுப்பினர்களின் மாஸ்டர் லிஸ்டுக்குக் கீழே புதுப் பதிவுகளை ஒட்டி, மேக்ரோவில் (வேலைகளைத் தானாகச் செய்யும் சிறு நிரல்) உறுப்பினர் எண்ணை வைத்து ரிமூவ் டூப்ளிகேட்ஸ் (திரும்ப வரும் வரிசைகளை நீக்கும் வசதி) ஓட்டினால் புதியது மட்டும் நிற்கும், தப்பானால் பழையபடி மாற்ற அன்டூ இருக்கிறது என்று உங்கள் பதிவில் சொல்லியிருக்கிறீர்கள். இரண்டுமே தவறு நண்பரே. எக்செல் மேலிருந்து முதலில் வருவதைத்தான் வைத்துக்கொள்ளும், அதாவது 212ஆவது வரிசையில் உறுப்பினர் 1045இன் பழைய போன் நம்பர் அப்படியே இருக்கும், நீங்கள் கீழே ஒட்டிய புது நம்பர் சத்தமில்லாமல் காணாமல் போகும். அப்புறம் அன்டூ? மேக்ரோ ஷீட்டை மாற்றியதுமே அந்த வரலாறு அழிந்துவிடும், கன்ட்ரோல் இசட் வேலை செய்யாது (நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்). முதலில் ஃபைலை நகலெடுங்கள். மேக்ரோவில் உறுப்பினர் எண்ணை மேட்ச் (பட்டியலில் ஒன்று எந்த இடத்தில் இருக்கிறது என்று சொல்லும் ஃபங்ஷன்) போட்டு மாஸ்டர் லிஸ்டில் தேடி, இருந்தால் அந்த வரிசையைத் திருத்தவும், இல்லாவிட்டால் கடைசியில் சேர்க்கவும் எழுதுங்கள். மாஸ்டர் லிஸ்ட், புதுப் பதிவு இரண்டில் ஒன்றில் 1045 எண்ணாகவும் மற்றதில் டெக்ஸ்டாகவும் இருந்தால் மேட்ச் கண்டுபிடிக்காது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.